காரணம் என்னும் நிரல்

மாநகரசபை, வடிகால் பிரிவு,
மூன்றாம் மாடி, ஜன்னலோர மேசை.
இருபத்திரண்டு வருசமாய் அங்கேதான் இருக்கிறேன்.
இருக்கிறேன் என்றால்,
இருப்பதுதான் வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து நின்றேன்.

காலி வீதி பஸ்ஸில் பெடியன் ஒருவன் எழும்பி
"இருங்கோ அண்ணை" என்றான்.
பரவாயில்லை தம்பி.
தெஹிவளை மட்டும் அவனும் இருக்கவில்லை
நானும் இருக்கவில்லை.
எங்களுக்கு நடுவே அந்த வெறும் சீற்
மரியாதையாய் வந்துகொண்டிருந்தது.

எங்கே நோகுது என்றவர்களுக்கெல்லாம்
நாரி என்றேன்.
நாரிக்கு எண்ணெய் வந்தது.
நாரிக்குப் பெல்ட் வந்தது.
பியசேனவுக்கு மட்டும் காதுக்குள் சொன்னேன்;
சூடு என்று செவ்விளநீர் வாங்கித் தந்தான்.
பாமசிக்காரன் என் முகத்தை மட்டும் பார்த்து
மூலத்துக்குக் களிம்பு கொடுத்தான்.
நான் முதலில் கதிரையைச் சந்தேகித்தேன்,
பிறகு ஞாயிறு தின்ற ஆட்டிறைச்சியை,
நாலாம் இரவு, குளிரில் பல்லுக் கிட்ட,
யாருக்கும் தெரியாத பழைய பாவம் ஒன்றை.

ஃபேனை நிறுத்திவிட்டுச் சுகுணவதி கேட்டாள்:
"நாரிக்கு ஏனப்பா காய்ச்சல் வருது?"

பெரியாஸ்பத்திரியில்
டொக்டர் பஸ்லியாவுக்கு என் மகளின் வயசிருக்கும்.
மலம் இறுகுமா? அடிக்கடி கழியுமா?
முட்டுக்கு ஸ்டீரொயிட் குளிசை போட்டதுண்டா?
பின்னேரக் காய்ச்சல், விடாத இருமல்?
சிகரெட்?
விட்டிட்டன் என்றேன்.
சட்டைப்பைக்குள் பெட்டி
நிமிர்ந்து நின்றது என்னைப் போலவே.
சீனி?
இல்லை என்றேன்.
விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்தாள்.
முந்நூற்றுப் பதினெட்டு.

அப்ப இது ஏன் வந்தது?
துண்டின் பின்பக்கம் ஒரு வட்டம் கீறினாள்.
உள்சுவரில் ஊசிக்கண் அளவில் சுரப்பிகள்.
ஒன்று அடைபடும்.
வடிய வேண்டியது தேங்கும்,
தேங்கியதில் கிருமி பெருகும்,
சீழ், மெத்தென்ற சதை தேடி வழி பிடிக்கும்.
"கனபேருக்கு இப்படித்தான் தொடங்கும்.
ஏன் அடைபட்டது எண்டு எப்பவும் சொல்லேலாது அங்கிள்.
சீனி ஏறினா மட்டும்
உடம்பு சண்டை பிடிக்க மறந்திரும்."

எனக்கா வடிகால் தெரியாது?
பாமன்கடையில் ஒரு ஷொப்பிங் பை,
கிராண்ட்பாஸில் அரைச் செங்கல்.
மழையைத் திட்டி வந்த கடிதம் எல்லாவற்றையும்
நான்தானே கோப்பில் கோர்த்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ரொமேஷ், மட்டக்குளி,
இருபத்துநாலு வயசு, இது மூன்றாம் தரம்.
சிகரெட் இல்லை, சீனி இல்லை,
கொத்துரொட்டியும் விட்டாச்சு அண்ணே என்றான்.
குடல் தன்னைத் தானே புண்ணாக்கும் வருத்தமாம்.
அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு.
அந்தப் பெயருக்கு ஏனென்று கேட்டால்
டொக்டரும் கொஞ்ச நேரம்
ஜன்னலைத்தான் பார்த்தாள்.

வெட்டி, வடியவிட்டு,
தைக்காமல் விட்டார்கள்.
அடியிலிருந்து ஆறி வரட்டுமாம்.
சிலருக்கு ஒரு சுரங்கம் மிஞ்சும்,
கசிந்தால் வாங்கோ என்றார்கள்.

வீட்டில், போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு
துணி மாற்றினாள் சுகுணவதி.
இருபது வருசக் கலியாணத்தில்
அவள் பார்த்திராத ஒரே இடம்.
நான் தலையணைக்குள் முகம் புதைத்தேன்.
"இதுக்கோ அந்த எண்ணெய் முழுக்க
நாரியிலே தேய்ச்சனான்" என்றாள்.
சிரிக்கவும் நொந்தது.

ஆறாம் கிழமை கந்தோர்.
கதிரையில் ஒரு கரையாய்,
கடன்காரன் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறேன்.
முறைப்பாடு நாற்பத்தொன்று:
ஒழுங்கையில் நீர் தேங்குகிறது, மணக்கிறது,
சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறது,
ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

காரணம் என்னும் நிரலில்
வழக்கமாய் மழை என்று எழுதுவேன்.
ம போட்டாயிற்று.
வெட்டினேன்.
திறந்து பார்க்கவும் என்று எழுதினேன்.