நாற்பதாவது படம்

பூம்பாறைக்கு மேலே, பூண்டு வயலின் கடைசிப் படியில்
முக்காலியை ஊன்றினேன். தை பிறந்து நாலு நாள்.
துருவ நட்சத்திரம் இங்கே பத்து பாகை உயரம்தான்.
பவுன்தாயின் சீகை மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு
முகம் காட்டாது.
வடக்கைக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டேன்.

ஜீப்பில் கழற்றிய பேட்டரி.
லென்ஸில் பனி கோக்காமலிருக்க
வறுத்த உப்பைக் காலுறையில் கட்டி
டெலஸ்கோப்பின் கழுத்துக்கு ஒத்தடம்.

எல்லாம் சரி,
அவள் கேரட் வயலின் குண்டு பல்புதான் உறுத்தியது.
"காட்டுமாடு எறங்கும்ப்பா.
ஒரு மணி நேரம். அதுக்கு மேல கேக்காத."
அணைத்தாள்.

இருட்டு ஒரேயடியாக வரவில்லை.
முதலில் பள்ளத்தாக்கு போனது, பிறகு என் கை.
அப்புறம் ஓரியனின் இடைவாருக்குக் கீழே
ஊதுபத்திச் சாம்பல் உதிர்ந்தது போல் ஒரு கறை.
அவளும் கண் வைத்துப் பார்த்தாள்.
"கண்ணாடியத் தொடைக்கலையா நீ?"

பகலில் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பாஸ்போர்ட் அளவு முகங்கள் எடுப்பவன் நான்.
தாடையைத் தூக்குங்க, சிரிக்காதீங்க,
ஆயிற்று.
இதற்கோ
படத்துக்கு ஒரு நிமிடம், ஐம்பத்தெட்டு படம்.
ஏழாவதில் செயற்கைக்கோள் ஒன்று கோடு கிழித்துப் போனது.
முப்பதைத் தாண்டியதும் மூடுபனி வந்து
எதையோ மறந்துவிட்டதைப் போலத் திரும்பிப் போனது.
நாற்பதாவதில்
முக்காலி லேசாக அதிர்ந்தது.
காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பல்பு எரிந்தபோது
இரண்டு பாத்தி கேரட் இல்லை.
நடுவில் சாணம் மட்டும்
ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
பவுன்தாய் ஒன்றும் சொல்லவில்லை.
திட்டியிருக்கலாம்.

படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க மூன்று இரவு.
மூன்றாவதில் சிவப்பு வந்தது.
கண்ணுக்குக் கடைசிவரை தராத சிவப்பு,
ஆறுகிற புண்ணின் ஓரத்தில் வருமே, அது.
நடுவே நான்கு இளசு நட்சத்திரங்கள்
தாம் பிறந்த புகையையே ஊதித் துளைத்துக்கொண்டு.

பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன்,
கூடவே அறுநூறு ரூபாய்.
ரூபாயை எண்ணி இடுப்பில் செருகினாள்.
படத்தை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.
"இன்னமும் மொளைக்குதா அங்க?"
"மொளைக்குது."
"காவலுக்கு யாரு?"

எனக்குத் தெரியவில்லை.
அடுக்கில் சேராத நாற்பதாவதை
அழிக்காமல் வைத்திருக்கிறேன்.
அதில் ஒவ்வொரு நட்சத்திரமும்
கொஞ்சம் நகர்ந்திருக்கிறது,
சரியாக
ஒரு மாடு காலெடுத்து வைக்கும் அளவுக்கு.