வலப்பக்கம்

இடப்பக்கம் முடித்துவிட்டேன்,
இருநூறு டிகிரியில்,
இழுத்துக் கட்டிய மின்கம்பி மாதிரி.
வலப்பக்கம் கிளிப்புக்குள் சுருண்டு காத்திருக்க
சத்துவாச்சாரி முழுக்கக்
கரண்ட் போனது.

தகடு கையிலேயே ஆறியது.
வேர்வை முதலில் எப்சிபாவின் நெற்றியில்,
பிறகு நான் நேராக்கிய இழைகளில்.
"நாலு மணிக்கு அவங்க வர்றாங்கக்கா."
ஈபி ஆபீசுக்கு அடித்தேன். எங்கேஜ்டு.
செத்த டிரையரை
ஏன் கையில் எடுத்தேனோ.

காற்றுக்கென்று கதவைத் திறந்தால்
பாலாற்று மணலைத் தடவிக்கொண்டு
நூற்றெட்டு டிகிரி உள்ளே வந்தது,
பிளக்கில் செருகாமலே ஓடும் டிரையர்.

கண்ணாடியில் இருந்த இரண்டு பேரையும்
மாறி மாறிப் பார்த்தவள்
கிளிப்பைக் கழற்றினாள்.
"பாதிக் காசுதான் தருவேன்."
தண்ணீர் கேட்டாள்.
குடிக்க இல்லை,
இடப்பக்கம் நனைக்க.