சத்தமில்லாமல் பூட்டு மாற்ற

புந்தா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டுவதில்லை, தள்ளும்.
சாவியை உள்ளே வைத்துவிட்டுக்
குப்பை கொட்ட வெளியே வந்தவர்களின் ஊர்.
அவர்களை நம்பித்தான் எவாரிஸ்தோ மன்சியாவின் கடை.
அவரை நம்பித்தான் என் வாடகையில் பாதி.

"முதல் பக்கம் வேண்டும், நிடியா" என்றார்.
"இரண்டாம் பக்கத்தில் இருப்பதும்
கல்லறைத் தோட்டத்துக்குள் கடை போடுவதும் ஒன்று."

தேடுபொறிக்கு அழகு பிடிக்காது,
ஊர்ப்பெயர் பிடிக்கும்.
பத்திக்கு ஒருமுறை ஊரைச் சொன்னேன், உப்புப்போல.
ஒரு பத்தியில் கைதவறிக் கொட்டிவிட்டது.
இன்ஸ்டாகிராமுக்கு அவர் நாயைப் படமெடுத்தேன்,
வாயில் சாவிக்கொத்தோடு.
எண்ணூறு லைக்.
பூட்டுத் திறக்க ஒருவரும் அழைக்கவில்லை.
நாய்க்கு மட்டும் ஒரு சம்பந்தம் வந்தது.

ஜூனில் நான்காம் இடம், ஜூலையில் இரண்டாம் இடம்.
முதலிடத்தில் சாந்தியாகோவில் உட்கார்ந்திருக்கும் கம்பெனி;
இந்த ஊரில் அதற்கு ஒரு திருப்புளிகூடக் கிடையாது.

திங்கட்கிழமை காலையில் ரிப்போர்ட்.
என்ன தட்டித் தேடி எங்களிடம் வந்து சேர்ந்தார்கள்
என்ற பட்டியல்:
கதவு திறக்க இப்போது
சாவி உடைந்தது பாதி உள்ளே
கார் சாவி கடலில்
குழந்தை குளியலறையில் அவசரம்

தேடும்போது யாரும் வணக்கம் சொல்வதில்லை.
வினைச்சொல்லை முடிப்பதில்லை.
கடவுளிடம்கூட
இதைவிட மரியாதையாகத்தான் கேட்பார்கள்.

நாற்பத்தொன்றாம் வரி:
கணவனுக்குத் தெரியாமல் பூட்டு மாற்ற எவ்வளவு நேரம்

ஒரே மாதத்தில் ஏழு தடவை.
ஏழு பேரா,
ஒருத்தியே ஏழு இரவா,
ரிப்போர்ட் அதைச் சொல்லாது.

எவாரிஸ்தோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இதில் எனக்கு எத்தனை வேலை வந்தது?"
"ஒன்றும் இல்லை."
"அப்படியானால் எடுத்துவிடு. குடும்ப விவகாரம்."
ஒரு சாவியை அராவத் தொடங்கினார்.
அராவி முடித்த பிறகும் அராவிக்கொண்டிருந்தார்.
சாவி வீணாகிப் போயிற்று.

"இருபது நிமிடம்" என்றார், குப்பைக்கூடையிடம்.
"உள்ளிருக்கும் உருளையை மட்டும் மாற்றினால் போதும்.
பழைய முகப்பைத் திரும்ப மாட்டிவிடலாம்.
வெளியே நிற்பவனுக்கு
அவன் சாவி நுழையும்வரை எதுவும் தெரியாது."

அன்றிரவு அந்தப் பக்கத்தை எழுதினேன்.
விலை இல்லை. நாய் இல்லை.
'இன்றே அழையுங்கள்' என்று துடிக்கும்
சிவப்புப் பொத்தானைப் பிடுங்கி எறிந்தேன்.
தலைப்பில் அவள் தட்டிய அதே சொற்கள்,
அதே வரிசையில்.
எங்கள் தொழிலில் இதைத் திறவுச்சொல் என்போம்.
ஒன்பது வருடம் சொல்லியிருக்கிறேன்,
அதற்குள் ஒரு கதவு இருப்பதைக் கவனிக்காமல்.

கடைசிப் பத்தியில்
தேடிய தடத்தை அழிப்பது எப்படி என்று
நான்கு வரி.
வருகிறவர்களை எண்ணும் நிரலை
அந்த ஒரு பக்கத்தில் மட்டும் பொருத்தவில்லை.
வேறு எந்த வாடிக்கையாளராவது இதைப் பார்த்தால்
என்னை வேலையை விட்டே துரத்துவார்.

ஆகஸ்டில் முதலிடம்.
அந்த ஒரு வரிக்கு மட்டும்.
சாந்தியாகோ கம்பெனி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லை.
யாரும் லைக் போடவில்லை,
யாரும் யாருக்கும் பகிரவில்லை.

செப்டம்பரில்
கடைச் சுவரின் மூன்றாம் ஆணியில்
ஒரு உருளை குறைந்திருந்தது.
பில் புத்தகத்தைப் புரட்டினேன், அங்கே இல்லை.
எவாரிஸ்தோ நாய்க்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.
கேட்கவில்லை.

அந்த மாத ரிப்போர்ட்டில்
நாற்பத்தொன்றாம் வரியே காணோம்.
ஏழுக்கு எதிரே பூஜ்யம்,
பக்கத்தில் கீழ்நோக்கிய சிவப்பு அம்பு.
சரிவுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும்.
காலியாக விட்டு
அவருக்கு அனுப்பிவைத்தேன்.