முதல் கேனோடு ஒரு வடிகட்டி

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது.
என் மொபெட்டின் பின்னால் இரண்டு கேன்,
ஒவ்வொன்றும் முப்பத்தைந்து லிட்டர்.
பக்கத்துப் பேருந்தின் ஜன்னலில்
ஒரு குழந்தை மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொல்கிறது:
"அம்மா, பஜ்ஜி."

ஒளித்துக் கொண்டுபோக முடியாத சரக்கு என்னுடையது.

இரவு பதினோரு மணிக்கு
அன்வர்தீன் கடைச் சட்டி ஆறும்வரை
அடுப்போரம் நிற்பேன்.
லிட்டருக்கு ஐம்பது என்பேன்.
"வலங்கைமான் ஆளு அறுவது தர்றான்" என்பார்.
அவன் அதை எங்கே கொண்டுபோகிறான்
என்று அவரும் கேட்டதில்லை.
வேறு ஏதோ ஊரில்
வேறு ஏதோ சட்டி
அதற்காகக் காத்திருக்கும்.
அறுபத்தொன்று என்று சொல்லிவிட்டு
கணக்கு நோட்டை மூடிக்கொள்கிறேன்.

பழைய உரக்கிடங்குதான் ஆலை.
ஒரு டிரம், ஒரு மோட்டார்,
அண்ணன் வெல்டிங் வைத்துக் கொடுத்த புனல்.
ஐப்பசி அடைமழையில்
எண்ணெயில் ஈரம் இருந்தது தெரியாமல் கலக்கிவிட்டேன்.
நூற்றிருபது லிட்டரும் சோப்பு.
எரிபொருள் கேட்டவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை,
கேட்காத ஒன்பது வீட்டுக்குப்
பாத்திரம் விளக்கக் கொடுத்தேன்.
நுரை நன்றாக வருகிறதென்று
இன்னும் ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மெத்தனால் என்று வாய்திறந்தால்
சாராயம் என்று காதில் விழுகிறது எல்லாருக்கும்.
உரிமத்துக்காகத் திருவாரூருக்கு நாலாவது நடை.
விண்ணப்பத்தில் என் பெயரைப் படித்தார் புதிதாக வந்தவர்,
"தையல்நாயகி... டைலரிங் யூனிட்டாம்மா?"
இல்லை சார், எரிபொருள்.
பேனாவை மூடிவிட்டு
என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.
"அதுக்கு வேற செக்‌ஷன்."

இதெல்லாம்கூடப் பரவாயில்லை.
தை மாதம் பூவனூர் மேலவெளியில்
பக்கிரிசாமி அண்ணன் எடுத்து ஓட்டும் அறுவடை மிஷின்
பாதி வயலில் இருமி, குலுங்கி, நின்றுபோனது.
நான் போய்ச் சேர்வதற்குள் வரப்பெல்லாம் ஆள்.
"சட்டி எண்ணெய ஊத்துனா ஓடுமாய்யா?"
வானம் வேறு கூட்டம் கூட்டிக்கொண்டிருந்தது.

வடிகட்டியைக் கழற்றி
என் துப்பட்டா முனையில் தட்டினேன்.
தார்போல ஒரு கருப்பு.
"இது என் எண்ணெய் இல்லண்ணே.
பன்னெண்டு வருஷமா
உங்க டாங்கி அடியில படுத்துக்கெடந்த டீசல் கசடு.
என்னுது போயி கழுவி எழுப்பிவிட்டுருச்சு,
அவ்வளவுதான்."

உண்மைதான்.
ஆனால் மணிக்கு இரண்டாயிரத்து நானூறு ஓடும் மிஷின்
ஓடாமல் நிற்கும்போது
எந்த உண்மைக்கும் மதிப்பில்லை.
மன்னார்குடி போய் வடிகட்டி வாங்கி வந்து
நானே மாட்டினேன்.
மிஷின் கிளம்பியது. மழை வரவில்லை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மாலையில் இரண்டு மணிநேரக் கூலியைக் கழித்துக்கொண்டு
மீதியை எண்ணிக் கொடுத்தார் அண்ணன்.

அன்றிலிருந்து
முதல் கேன் வாங்குகிறவருக்கு வடிகட்டி இலவசம்.
கேனுக்கு நிற்பது நூற்று நாற்பது ரூபாய்,
வடிகட்டி இருநூற்றெண்பது.
மூன்றாவது கேனில்தான் எனக்குக் காசு.
மூன்றாவது கேனுக்கு வந்தவர்கள்
இதுவரை ஐந்து பேர்.
அதில் ஒருவர் பக்கிரிசாமி அண்ணன்.
ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை,
கேட்டு எதையாவது கலைத்துவிடுவேனோ என்று.

கேட் இன்னும் திறக்கவில்லை.
லோடு ஆட்டோக்காரர் ஒருவர்
தலையை வெளியே நீட்டுகிறார்.
"வண்டிக்கு ஊத்துறதா அது? லிட்டர் என்னா?"
"டீசலைவிட ஆறு ரூபா கம்மி."
"ஏன் கம்மி?"

பதில் நீளம்.
வடிகட்டியிலிருந்து தொடங்கவேண்டும்,
இல்லை, சட்டியிலிருந்து.
வாயெடுப்பதற்குள் ரயில் கடந்துவிட்டது,
கேட் ஏறுகிறது,
பின்னால் அத்தனை ஹாரனும் ஒன்றாக.

கடந்து வந்து பார்க்கிறேன்.
அந்த லோடு ஆட்டோ எனக்கு முன்னால்,
இடதுபக்க விளக்கு மினுக்கிக்கொண்டே போகிறது.
ஓரம் கட்டத்தானா,
அணைக்க மறந்ததா
தெரியவில்லை.