சென்னை - 57

கடித உறையின் மேல் நாங்கள் எப்போதும் சென்னைதான்.
வாயில் மட்டும்
'மெட்ராசுக்குப் போயிட்டு வரேன்' என்போம்,
அரைமணி யூனிட் ரயிலுக்குத்
தலை சீவி, பவுடர் பூசி,
வெளியூர் கிளம்புகிற மாதிரி.

எண்ணூர் அவ்வளவுதான் ஊர்.
ஃபவுண்டரி சங்கு ஊதினால் உலை வைப்பார்கள்,
அடுத்த சங்குக்கு வடிப்பார்கள்.
காற்று திரும்பும் நாட்களில்
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
கொடியில் காயும் பள்ளிச் சட்டைகளுக்கு
எங்களுக்கு முன்னாலேயே வயதாக்கிவிடும்.
மொட்டைமாடிச் சாம்பலில்
விரலால் பெயர் எழுதி வைத்தால்
விளக்கு வைப்பதற்குள்
பக்கத்தில் ஒரு பையன் பெயர் முளைத்திருக்கும்.
எழுதியவர் யாரென்று தெரியாது.
எழுதப்பட்டது எல்லோருக்கும் தெரியும்.

எந்தத் தெருவில் நின்றாலும் ஒரே கேள்வி:
'நீ யாரூட்டுப் பொண்ணு?'
'கேன்டீன் ஏகாம்பரம் பொண்ணு.'
'அதான பார்த்தேன், மூக்கு சொல்லுது.'

கணக்கில் வாங்கிய முப்பத்தொன்று
எனக்கு முன்னே நடந்து
தேசப்பன் மளிகையில் காத்திருந்தது.
புளியை மடித்துக் கொடுத்தபடி அவர்,
'நாலு மார்க்தான, விடு' என்றார்.
அந்த ஆறுதலைத்தான் மன்னிக்கவே முடியவில்லை.

பதினோராம் வகுப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு
பீச் ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்தேன்.
தனியாக.
பையன் யாரும் இல்லை.
இருந்திருந்தால் சொல்வதற்காவது
ஒரு காரணம் இருந்திருக்கும்.

பர்மா பஜாரில் நாலு மணி நேரம்
யாருடைய மகளாகவும் இல்லாமல் நடந்தேன்.
ஒருவரும் என் மூக்கைப் பார்க்கவில்லை.
கடைக்காரன் 'மேடம்' என்றான்;
திரும்பிப் பின்னால் பார்த்தேன்.
தள்ளுவண்டியில் நின்றபடி அத்தோ தின்றேன்,
கண்ணில் நீர் வர வர, இரண்டாவது தட்டும்.
பிறகு தலை சுற்றியது.
நடைமேடைத் தூணோரம் உட்கார்ந்தேன்.
கூட்டம் என் செருப்பைத் தாண்டிப் போனது,
போய்க்கொண்டே இருந்தது.
யாராவது குனிந்து
அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்களா என்று
பார்த்திருந்தேன்.
இதை இதுவரை
யாரிடமும் சொன்னதில்லை.

ஆறு பத்து ரயிலில் திரும்பினேன்.
அம்மா கானாங்கெளுத்தி கழுவிக்கொண்டிருந்தாள்.
தலை நிமிரவில்லை.
'அத்தோல காரம் தூக்கலாமே?'

இருபத்தேழு வருடமாக யோசிக்கிறேன்.
டிக்கெட் கவுன்டரா,
பூக்கூடையோடு ஏறிய குணவதி அக்காவா,
ரயிலே நேராக வீட்டுக்குப் போய்ச் சொன்னதா.

பிறகு ஒருநாள்
நகராட்சிப் பலகையைக் கழற்றிவிட்டு
மாநகராட்சிப் பலகை மாட்டினார்கள்.
அன்றும் குழாயில் தண்ணீர் வரவில்லை.
அன்றும் யாரோ
'மெட்ராசுக்குப் போறேன்' என்று கிளம்பினார்கள்.
புகைபோக்கி ஓய்ந்தது.
துணிகள் வெள்ளையாகவே காய்ந்தன,
அது என்னவோ போலிருந்தது அம்மாவுக்கு.

நான் இப்போது முகப்பேரில், ஏழாவது மாடி.
லிஃப்டில் நாலு வருடமாக என்னோடு ஏறும் மனிதருக்கு
நான் எழுநூற்று நாலு.
அவர் எழுநூற்று ஒன்று.
இருவருக்கும் இது வசதியாகத்தான் இருக்கிறது.

போன வாரம் ஊருக்கு வரும்போது
கொருக்குப்பேட்டையில் ஒரு பெண் ஏறினாள்.
பள்ளிச் சீருடை,
அடையாள அட்டை சட்டைப் பைக்குள்,
காரத்தில் சிவந்த உதடு.
அந்த மூக்கைப் பார்த்ததுமே
குணவதி அக்காவின் பேத்தி என்று தெரிந்துவிட்டது.
அவளும் என்னைப் பார்த்தாள்,
பார்த்து, பயந்து, கதவுப் பக்கம் நகர்ந்தாள்.
நான் ஜன்னலுக்கு வெளியே
விம்கோ நகர் வரைக்கும்
கண்டெய்னர் லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

எண்ணூரில் இறங்கி
அம்மாவுக்குத் தைலம் வாங்க
தேசப்பன் மளிகையில் நின்றேன்.
இப்போது அவர் மகன்.
'இன்னாக்கா, ரயில்ல தெரிஞ்சவங்க யாராச்சும் வந்தாங்களா?'
என்று சும்மாதான் கேட்டான்,
சில்லறையை எண்ணிக்கொண்டே.

நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.