ஏழு நாற்பது

வின்னிபெக்கை விட்டு வந்த முதல் மாதம்
பம்ப் இரண்டு தடவை உறைந்தது.
வாளியில் பனி அள்ளி அடுப்பில் ஏற்றி
"பத்து லிட்டர் பனி, எவ்வளவு தண்ணீர்?" என்று
அதையும் பாடமாக்கினேன்.
ஒரு லிட்டர்கூடத் தேறவில்லை.
வெண்டல் நோட்டில் எழுதினான்: அம்மா ஏமாந்தாள்.

தினமும் ஏழு நாற்பதுக்கு
எங்கள் வாசலில் மஞ்சள் பேருந்து வேகம் குறைக்கும்.
யாரும் ஏறமாட்டார்கள் என்று டோரீனுக்குத் தெரியும்.
ஆனாலும் குறைப்பாள்.
ஹெட்டி ஜன்னல் ஆவியில் விரலால் துளை போட்டுப் பார்ப்பாள்.
நான் பின்னங்களுக்குத் திரும்புவேன்,
சற்று உரக்கவே.

பிப்ரவரியில் ஒரு நாள்
குறைத்த வேகத்திலேயே பேருந்து பள்ளத்தில் இறங்கி நின்றது.
பதினோரு பிள்ளைகள்.
சமையலறை முழுக்க உருகும் பூட்ஸ்,
ஈரக் கம்பளி வாசனை.
மேஜையில் பாதி வெட்டிய ஆப்பிள்,
முக்கால் என்று எழுதிய தாள்.
"இதுதான் உங்க ஸ்கூலா? மணி அடிக்குமா?"
ஹெட்டி ஓடிப்போய்
முட்டை வேகவைக்கும் டைமரைத் திருகிக் காட்டினாள்.

ஃப்ரீசன் வீட்டுப் பையன், முன்பல் விழுந்தவன்,
பம்ப் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.
"உள்ள ஒரு பல்பு எரியவிடுங்க. நூறு வாட். உறையாது."
அவ்வளவுதான்.

டிராக்டர் வந்து இழுத்துப் போனபின்
வீடு காதடைத்துக் கிடந்தது.
ஆப்பிள் கறுத்தது.

இரவு, கொட்டகை இடுக்குகளிலிருந்து
பனிமேல் கோடுகோடாக வெளிச்சம்.

மறுநாள் ஏழரைக்கே
வெண்டல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றான்.
ஏறப்போகிறாயா என்று நான் கேட்கவில்லை.
அடுப்புச் சாம்பலை வாளியோடு தூக்கிப்போய்
அந்த வளைவில்
சக்கரம் போகும் இடமாகப் பார்த்துத்
தூவிவிட்டு வந்தான்.