லாரியில் ஒரே இடம்

பொம்மனஹள்ளி. மூன்றாவது மாடி, தகரக் கூரை அறை.
ஞாயிறு. தண்ணீர் வர இன்னும் ஒரு மணி நேரம்.
கீழே குழாயடியில் எங்கள் ஆறு குடமும் வரிசையில் நிற்க
மேலே நாங்கள் அந்த நாவலுக்காகச் சண்டை போட்டோம்.

அணை கட்டப் போன இரண்டு பேரின் கதை.
சிவாஜி நகர் பழைய பேப்பர் கடையில்
எடை போட்டுப் பதினெட்டு ரூபாய்க்கு வாங்கினேன்.
"எண்பது வருஷத்துக் கதை" என்றாள் அடைக்கலமேரி.
"கூலி மட்டும்தான் பழசு.
மேஸ்திரி நம்ம லைன்லயே நிக்கிறான்" என்றாள் ஜமீலா.

நெட்டையன் கல் சுமப்பான்.
தன் கூடைகளில் தினம் பத்தை
இருமல்காரக் கூட்டாளியின் கணக்கில் எழுத வைப்பான்.
ஒரே பீடி, ஒரே போர்வை.
கடைசியில் வெள்ளம். லாரியில் ஒரே இடம்.
நெட்டையன் ஏறிவிடுவான்.
திரும்பிப் பார்த்தானா என்று
எழுதியவர் சொல்லவில்லை.

"ஏறலைன்னா ரெண்டு பொணம், ஏறினதால ஒண்ணு.
இதுல என்ன பெரிய விசாரணை?"
இது செவந்தி.
பன்னிரண்டாயிரத்தில் எட்டை ஊருக்கு அனுப்புகிறவள்.

ஜமீலா ஒத்துக்கொள்ளவில்லை.
தினம் பத்துக் கூடை போட்டவன்
கடைசி நாள் மொத்தமாக எடுத்துக்கொண்டான்.
"இதுக்குப் பேரு சிநேகிதமா, ஏலச்சீட்டா?"

மேரியின் குறை வேறு.
முந்நூறு பக்கத்தில் ஒரு பொம்பளைகூடக் கல் தூக்கவில்லை.
"மீசையாலயா அணை கட்டினானுங்க?"

ஹொன்னம்மாவுக்குத் தமிழ் புரியும், படிக்க வராது.
ஒன்பது ராத்திரி நான் வாசிக்கக் கேட்டவள்
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"ஊட்டா ஆயித்தா அவருக்கு?"
விழுந்து விழுந்து சிரித்தோம்.
பிறகு புரட்டிப் பார்த்தால், நிஜம்தான்,
கடைசி நாற்பது பக்கத்தில்
ஒருத்தனும் ஒரு வாய் சோறு தின்னவில்லை.

நான் மட்டும் எதுவும் சொல்லவில்லை.
வாசித்து வாசித்துத் தொண்டை கட்டிவிட்டது என்றேன்.

ஆடி மாதம்.
காலர் கோணல் என்று எண்பது சட்டை திரும்பி வந்தது.
என் மெஷினும் பச்சையம்மா மெஷினும் அடுத்தடுத்து.
யார் தைத்தது என்றார் சூப்பர்வைசர்.
பாதி என்னுடையது.
நான் பெயர் சொல்லவில்லை, சத்தியமாக.
அவள் பக்கம் ஒரு தரம் பார்த்தேன்.
அவருக்கு அது போதுமாக இருந்தது.
மூன்று நாள் சம்பளம் அவளுக்குப் பிடித்தார்கள்.
அன்று மத்தியானம் அவள் டப்பாவில் எலுமிச்சை சோறு.
வழக்கம்போல என் பக்கமும் நகர்த்தினாள்.
பசியில்லை என்றேன்.

"நீ ஏன்டி வாயே திறக்கல?" என்று செவந்தி கேட்டது
என்னையல்ல, பச்சையம்மாவை.
அவள் மூலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள்.
சிக்கெடுத்து முடித்துத்தான் பதில் சொன்னாள்.
"ஒரு பீடிய மாத்தி மாத்தி இழுக்கறாங்க பாரு,
அந்த இடம் நல்லா இருந்துச்சு.
ஏறினவன் அப்புறம் யார்கூட பீடி குடிச்சானோ,
பாவம்."

பாவம் என்றது யாரை என்று
ஜமீலா அடுத்த சண்டையைத் தொடங்கும் முன்
கீழே யாரோ கத்தினார்கள், தண்ணீர்.

ஓடினோம்.
என் குடம் பச்சையம்மா குடத்துக்குப் பின்னால்.
குழாய் நூல் மாதிரி ஒழுகியது.
ஒரு குடம் நிறைய ஏழு நிமிஷம்.
"ஏழு நிமிஷத்துல எத்தனை காலர்டி தைப்ப?" என்றாள்,
குனிந்தபடியே.
எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது,
எண்ணெய்ப் பின்னலும்.
சிரித்தாளா என்று
தெரியவில்லை.